பத்து லட்ச ரூபாய் மின்சார கார்: இருங்காட்டுக்கோட்டையில் என்ன தயாராகிறது?

திருத்தணி பேருந்து நிலையத்தை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். இரண்டு மணி நேரக் கார் பயணத்தின் தூரம் போதும். தென்கிழக்கே ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அதற்குத் தெற்கே ஒரகடத்தில் ரெனோ. சென்னை போகும் வழியிலேயே திருவள்ளூரில் சிட்ரோயன். அரக்கோணம் தாண்டிப் பனப்பாக்கத்தில் டாடாவும் ஜாகுவார் லேண்ட் ரோவரும். ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் ஸ்ரீசிட்டியில் இசுசு. காஞ்சிபுரத்தை விட்டால், இத்தனை கார் ஆலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கோயில் ஊர் நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்துவிடுகின்றன. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தறிக்குப் பதில் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்கள் போல்ட் முடுக்கிய கார்கள் கப்பலேறி எங்கெங்கோ போகின்றன. ஆனால் அதே ஊரில், மலையடிவாரத்தில் வாடகைக்கு நிற்கும் வண்டிகளில் டீசல் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, கேஸ் இருக்கிறது; பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சாரக் கார் அபூர்வம். மின்சார ஸ்கூட்டர் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. கார் மட்டும் வரவில்லை. ஏன் என்று டிராவல்ஸ்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, விலைப்பட்டியலைப் பார்த்தால் போதும்.

அதனால்தான் ‘ஹூண்டாய் சின்ன எலெக்ட்ரிக் கார் கொண்டுவரப் போகிறதாம், பத்து லட்சத்துக்குள்ளாம்’ என்ற பேச்சுக்கு இந்தப் பக்கம் இவ்வளவு மவுசு. மூடித் துணி போர்த்திய சோதனைக் கார்களின் படங்கள் செல்போனுக்குச் செல்போன் தாவுகின்றன. விளக்கின் வடிவத்தை வைத்து விலையை ஊகிக்கும் நிபுணர்களுக்கும் பஞ்சமில்லை. என் வாதம் ஒன்றுதான்: விளக்கைப் பார்த்துப் பயனில்லை. பேட்டரிக்குள் இருக்கும் செல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மலிவு விலைக் காரின் ஜாதகம் அங்கேதான் எழுதப்படுகிறது.

25 லட்சத்திலிருந்து 18 லட்சத்துக்கு

ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனியாகப் பதிவானது 1996-ல். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அன்று அந்தக் கார் மாருதிக்குக் கொடுத்த அடி பெரியது. கொரியக் கம்பெனி ஒன்று நம் ஊர் நடுத்தர வர்க்கத்தின் பட்ஜெட்டைச் சரியாகப் படித்துவிட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மின்சாரக் காரில் அந்தப் படிப்பு உடனே கைகொடுக்கவில்லை. 2019 ஜூலையில் கோனா எலெக்ட்ரிக் வந்தபோது ஷோரூம் விலையே 25.30 லட்சம். ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியதும் ஒன்றரை லட்சம் குறைந்தது. அப்போதும் அது டாக்டர் வீட்டுக் கார்தான். 2023 ஜனவரியில் அயானிக் 5 வந்தது, 44.95 லட்சத்துக்கு. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

திருப்பம் 2025 ஜனவரி 17-ல். டெல்லி வாகனக் கண்காட்சியில் கிரெட்டா எலெக்ட்ரிக்கை 17.99 லட்சத்தில் இறக்கினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் பெட்ரோல் கிரெட்டா வரும் அதே ஆலையில், அதே உடற்கட்டில். ஹூண்டாய் குழுமத்தைச் சேர்ந்த மோபிஸ் பேட்டரிப் பெட்டியைச் சென்னைப் பகுதியிலேயே அடுக்கிக் கொடுக்கிறது. பேட்டரி இரண்டு அளவு: 42 கிலோவாட் மணி, 51.4 கிலோவாட் மணி. பயப்பட வேண்டாம், ஒரு கிலோவாட் மணி என்பது கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்தான். ஆகவே 42 யூனிட் பிடிக்கும் பேட்டரி, 51.4 யூனிட் பிடிக்கும் பேட்டரி என்று வைத்துக்கொள்ளலாம். முழு சார்ஜில் 390 கி.மீ., 473 கி.மீ. என்பது அறிமுகத்தின்போது சொன்ன சோதனைச்சாலைக் கணக்கு.

அதே ஆண்டு ஜூலையில் கியா தன் கேரன்ஸ் கிளாவிஸ் இவி-யை ஆந்திராவின் ஸ்ரீ சத்ய சாய் மாவட்ட ஆலையிலிருந்து வெளியிட்டது. ஆரம்ப விலை அதே 17.99 லட்சம். பேட்டரி? அதே 42, அதே 51.4. கியாவும் ஹூண்டாயும் ஒரே குடும்பம். தமிழ்நாட்டில் ஒரு கார், ஆந்திராவில் ஒரு கார், இரண்டுக்கும் ஒரே அளவுப் பேட்டரி. இந்தக் கொரியக் குடும்பத்தின் உற்பத்தி உத்தி என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. உடம்பு வேறாக இருக்கட்டும், பேட்டரி பொதுவாக இருக்கட்டும். எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும்.

ஆக, அடுத்து வரும் சின்னக் காரும் தனித்த அதிசயமாக வராது. இந்தப் பேட்டரிக் குடும்பத்தில் ஒரு தம்பியாகத்தான் வரும்.

அந்தத் தம்பி யார்?

கம்பெனி வாய் திறந்து சொன்னது இவ்வளவு. 2025 அக்டோபர் 15-ம் தேதி முதலீட்டாளர் கூட்டத்தில், 2030 நிதியாண்டுக்குள் 45,000 கோடி ரூபாய் போடப்போவதாகவும், 26 அறிமுகங்கள் இருக்கும் என்றும், அவற்றில் 7 முற்றிலும் புதிய பெயர்கள் என்றும் அறிவித்தார்கள். இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே தயாரிக்கும் மின்சார எஸ்யூவி ஒன்று 2027-க்குள் வரும் என்பதும் அதில் அடக்கம்.

கம்பெனி சொல்லாமல் ஊர் சொல்வது: அந்தக் கார் எச்.இ.1.ஐ என்ற குறியீட்டுப் பெயரில் உருவாகிறது. கொரியாவில் 2024 ஜூனில் காட்டிய இன்ஸ்டர் என்ற குட்டிக் காரின் இந்திய உறவினர் அது. டாடா பஞ்ச் இவி-க்கு எதிராக நிறுத்தப்படும். இன்ஸ்டரின் நீளம் 3.8 மீட்டர் சொச்சம். பேட்டரி 42 அல்லது 49 யூனிட். இந்த 42-ஐ கவனித்தீர்களா? கிரெட்டாவின் சின்னப் பேட்டரியும் 42தான். செல்லின் வகை வேறாக இருக்கலாம், ஆனால் கம்பெனிக்கு எந்த அளவு வசதி என்பது தெரிகிறது.

இடமும் தயாராகிறது. மகாராஷ்டிரத்தில் தலேகானில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன ஆலையை 2023-ல் ஹூண்டாய் வாங்கியது. புதிய வென்யூ இப்போது அங்கேதான் தயாராகிறது. இருங்காட்டுக்கோட்டை ஆலைகளின் ஆண்டுத் திறன் 8.24 லட்சம் கார். தலேகானும் முழுமையானால் மொத்தம் 10.74 லட்சம். பல ஆண்டுகளாக மூச்சுத் திணறிக்கொண்டிருந்த இருங்காட்டுக்கோட்டைக்கு இதனால் சற்றே மூச்சுவிட இடம் கிடைக்கும். அந்த இடத்தில் மின்சாரக் கார் உட்காரும் என்பது என் ஊகம். அதற்கு ஆதாரமாக 2023 மே மாதம் தமிழக அரசோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டுவேன். பத்தாண்டுகளில் 20,000 கோடி, ஆண்டுக்கு 1,78,000 பேட்டரிப் பெட்டிகள் அடுக்கும் ஆலை, நெடுஞ்சாலைகளில் 100 சார்ஜிங் நிலையங்கள். கிரெட்டா எலெக்ட்ரிக்கும் கேரன்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு 1,78,000 பேட்டரியை யாருக்கு விற்பது? 2024-25 நிதியாண்டில் இந்தியா முழுக்க, எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து விற்ற மின்சாரக் கார்களே ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டியவைதான். அந்த எண்ணிக்கையை எழுதியவர் மனதில் ஒரு மலிவுக் கார் இருந்திருக்க வேண்டும்.

2027 என்ற ஆண்டும் தற்செயலாக விழுந்ததாகத் தோன்றவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து கஃபே-3 என்கிற எரிபொருள் சிக்கன விதிகள் நடைமுறைக்கு வர வேண்டும். ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் சராசரிப் புகையும் இன்ன அளவுக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் அபராதம் என்பது அதன் சாரம். பெரிய எஸ்யூவிகளை நம்பிப் பிழைக்கும் கம்பெனிக்கு, புகையே இல்லாத ஒரு கார் நிறைய விற்பது சராசரியை இறக்க எளிய வழி. வாடிக்கையாளர் மேல் திடீர்ப் பாசம் வந்து யாரும் மலிவுக் கார் செய்வதில்லை.

ஒரு யூனிட்டுக்குப் பத்தாயிரம்

இப்போது செல்லுக்கு வருவோம். ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின்படி, 2024-ல் உலகச் சராசரியில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கான பேட்டரிப் பெட்டியின் விலை 115 டாலர். 2010-ல் அது ஆயிரம் டாலருக்கு மேல். நம் பணத்தில், மனக்கணக்குக்கு, யூனிட்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 42 யூனிட் பேட்டரி நாலு லட்சத்துச் சொச்சம். 30 யூனிட் என்றால் மூன்று லட்சம். பத்து லட்ச ரூபாய்க் காரில் மூன்றிலிருந்து நான்கு லட்சம் பேட்டரிக்கே போய்விட்டால், மீதியில் இரும்பு, கண்ணாடி, மோட்டார், டயர், சீட்டு, கூலி, டீலர் கமிஷன், வரி, லாபம் எல்லாம் வர வேண்டும். பெட்ரோல் காரில் இந்தப் பேட்டரி இருக்கும் இடத்தில் எஞ்சினும் தகர டேங்கும்தான் இருக்கின்றன.

பேட்டரியை ‘உள்ளூரில் செய்கிறோம்’ என்று விளம்பரம் வரும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளூரில் நடப்பது பெரும்பாலும் அடுக்கும் வேலை. செல் கப்பலில் வருகிறது. இங்கே அதை வரிசையாக அடுக்கி, கம்பி கோத்து, குளிரூட்டும் ஏற்பாடு செய்து, பெட்டியில் மூடுகிறார்கள். செலவில் பெரும்பங்கு செல்லில் இருக்கிறது. செல்லின் விலை டாலரில் இருக்கிறது. ரூபாய் சரிந்தால் காரின் விலை ஏறுகிறது. உலகச் செல் உற்பத்தியில் பாதிக்கும் வெகு மேலே சீனாவின் கையில்.

இதிலிருந்து தப்ப ஹூண்டாயும் கியாவும் 2024 ஏப்ரலில் எக்ஸைட் எனர்ஜியோடு ஓர் உடன்படிக்கை போட்டன. லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் வகைச் செல்லை இந்தியாவிலேயே செய்து வாங்குவது. இந்த வகையில் நிக்கலும் கோபால்ட்டும் கிடையாது. அதனால் மலிவு, வெயிலையும் நன்றாகத் தாங்கும். நகரி, புத்தூர் பக்கத்து மே மாதத்தை அனுபவித்தவர்களுக்கு இரண்டாவது குணத்தின் அருமை புரியும். எக்ஸைட்டின் ஆலை பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிப் பக்கம். அங்கிருந்து செல் நேரே வாலாஜாபேட்டை வழியாக இருங்காட்டுக்கோட்டைக்கு லாரியில் வந்துவிடும். மூடுதுணிக் காரின் படத்தைவிட அந்த லாரி எப்போது கிளம்பும் என்பதே எனக்கு முக்கியமான செய்தி.

இடையில் ஒரு வேடிக்கை. மத்திய அரசு செல் உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. 2022 மார்ச்சில் தேர்வானவர்கள் பட்டியலில் ‘ஹூண்டாய் குளோபல் மோட்டார்ஸ்’ என்றொரு பெயர் இருந்தது. ஆகா, ஹூண்டாய் செல் செய்யப் போகிறது என்று செய்தி பறந்தது. கார் செய்யும் ஹூண்டாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது பிறகு தெரிந்தது. கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பட்டியலிலேயே அந்தப் பெயர் இல்லை. அதில் இருந்த ஓலா, கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் செல் ஆலை கட்டி, தன் ஸ்கூட்டருக்குச் செல் செய்யத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் செல் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. காருக்குத் தேவையான அளவும் விலையும் வேறு கதை.

செல்லோடு முடிவதில்லை. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அது. சில வாரங்களிலேயே இந்தியாவின் வாகனக் கம்பெனிகள் டெல்லிக்கு ஓடின. பேட்டரியைக் கடந்துவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு மோட்டாரில் ஒரு பூட்டு.

திருவள்ளூர் ஏற்கெனவே எழுதிய பரீட்சை

‘பத்து லட்சத்தை ஒட்டிய மின்சாரக் கார் நம் மாவட்டத்தில் எப்போது தயாராகும்’ என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது தயாராகி மூன்று வருடம் ஓடிவிட்டது.

திருவள்ளூர் ஆலைக்கு ஒரு வரலாறு உண்டு. அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொண்ணூறுகளின் இறுதியில் மிட்சுபிஷி லான்சர் கார்களை இங்கே செய்யத் தொடங்கியது. பஜேரோவும் இங்கிருந்துதான் வந்தது. 2013 இறுதியில் இசுசு தன் வண்டிகளை இங்கே ஒப்பந்தத்துக்குச் செய்துகொண்டது. 2016-ல் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை கட்டி எல்லை தாண்டிவிட்டது. 2017-ல் பிரான்சின் பியூஜோ–சிட்ரோயன் குழுமம் பிர்லா குழுமத்தோடு கைகோத்து இங்கே வந்தது. அதே ஆண்டு அம்பாசடர் என்ற பெயரையும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வாங்கிய பெயரை இன்றுவரை எந்தக் காரிலும் ஒட்டவில்லை. 80 கோடிக்கு வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கும் துணிச்சல் பிரெஞ்சுக்காரர்களுக்கே வரும்.

அந்த ஆலையிலிருந்து 2023 பிப்ரவரியில் சிட்ரோயன் இ-சி3 வந்தது. விலை 11.50 லட்சத்தில் ஆரம்பம். 29.2 யூனிட் பேட்டரி, சோதனைக் கணக்கில் 320 கி.மீ. 2024 ஏப்ரலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து 500 கார்கள் இந்தோனேசியாவுக்குக் கப்பலேறின. உலகக் குழுமம், மலிவு விலை, உள்ளூர் உற்பத்தி, ஏற்றுமதி. ஹூண்டாயிடம் நாம் இன்று எதிர்பார்க்கும் அத்தனையும் அங்கே இருந்தது.

ஆனாலும் அந்தக் கார் பஞ்ச் இவி-யின் நிழலைக்கூடத் தொடவில்லை. காரணங்கள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடியவை. 2024 ஜனவரியில் டாடா பஞ்ச் இவி-யை 10.99 லட்சத்தில் இறக்கியது. இந்திய மோதல் சோதனையில் அதற்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. இ-சி3-க்கு 2024 மார்ச்சில் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ஜியம். பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை, காற்றுதான். ஷோரூம்கள் குறைவு. வாடகை வண்டிச் சந்தையையாவது பிடிக்கலாம் என்று டெல்லிப் பகுதியின் ப்ளூஸ்மார்ட் கம்பெனியோடு 4,000 கார்களுக்குப் பேசினார்கள். 2025 ஏப்ரலில் ப்ளூஸ்மார்ட்டே கடையைச் சாத்திவிட்டது.

இதில் ஹூண்டாய்க்குப் பாடம் எது? விலையைக் குறைக்கப் பாதுகாப்பிலும் குளிரூட்டலிலும் கை வைத்தால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மின்சாரக் கார் வாங்குகிறவர் ஏற்கெனவே ஒரு பயத்தோடு வருகிறார். அவருக்கு இன்னொரு பயத்தை விற்க முடியாது. மலிவுக் கார் என்றால் அவசியமில்லாத அலங்காரத்தை எடுத்த கார் என்றுதான் இருக்க வேண்டும். ஹூண்டாயின் வழக்கமோ நேர்மாறு: சன்ரூஃபையும் பெரிய திரையையும் அடுக்கி விலையை ஏற்றுவது. இந்தக் கம்பெனியின் கை மலிவுக்குப் பழக வேண்டும், சான்ட்ரோ காலத்துக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொரு கதை ஒரகடத்திலிருந்து. அதை நினைத்தால் வயிறெரிகிறது. ரெனோ குவிட் கார் 2015-ல் வந்தது. ஜெரார் டெதூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சென்னையிலேயே தங்கி, இங்குள்ள பொறியாளர்களோடும் உதிரிபாகக்காரர்களோடும் உட்கார்ந்து பைசா பைசாவாகக் குறைத்து உருவாக்கிய கார். அதன் அடித்தளத்தில் ஒரு மின்சாரக் கார் செய்ய ரெனோ முடிவெடுத்தபோது, அதை எங்கே செய்தார்கள் தெரியுமா? சீனாவில், ஹூபே மாகாணத்தில். 2019-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. பிறகு டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே மலிவான மின்சாரக் கார்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. சென்னையில் பிறந்த அடித்தளம், சீனத்துப் பேட்டரி, பாரீஸ் வாடிக்கையாளர். ஒரகடம் வேடிக்கை பார்த்தது. செல் இருக்கும் ஊருக்குக் கார் போய்விடும் என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

பனப்பாக்கம், தூத்துக்குடி

திருத்தணிக்கு மிக அருகில் வரும் பெரிய முதலீடு பனப்பாக்கம் சிப்காட்டில். 2024 செப்டம்பர் 28-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டிய டாடா ஆலைக்கு 9,000 கோடி ரூபாய். படிப்படியாக ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிகள் வரை. 5,000 பேருக்கு வேலை. இந்தப் பக்கத்து ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. கார் வாங்குகிறவருக்கு அல்ல. டாடாவின் டியாகோ இவி, பஞ்ச் இவி போன்ற மலிவுக் கார்கள் குஜராத், மகாராஷ்டிர ஆலைகளின் வேலை. பனப்பாக்கம் பணக்காரக் கார்களுக்கானது. 2022-ல் 8.49 லட்சத்தில் டியாகோ இவி-யை இறக்கி, மின்சாரக் காருக்கும் சாமானியனுக்கும் முதல் அறிமுகம் செய்துவைத்த கம்பெனி, நம் பக்கத்தில் கடை போடும்போது ரேஞ்ச் ரோவரோடு வருகிறது.

தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட் 4-ல் ஆலை திறந்தது. விஎஃப் 6 காரின் ஆரம்ப விலை 16.49 லட்சம். ஆலை கட்டிய வேகம் அசாத்தியம், விலை அல்ல.

திருப்பதி போய்வரும் கணக்கு

இனி சாலைக்கு வருவோம். திருத்தணியிலிருந்து திருப்பதி ஏறக்குறைய 70 கி.மீ. போய்வந்தால் 140. சென்னை போய்வந்தால் 170 சொச்சம். சென்னையில் இருப்பவர் திருப்பதி போய்வர 270, 280 கி.மீ. வேண்டும்.

இந்த மூன்று எண்களில்தான் மலிவுக் காரின் சூட்சுமம் இருக்கிறது. 30 யூனிட் பேட்டரிக் கார், ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் 200 கி.மீ. அருகில் ஓடும். சென்னைக்காரருக்கு அது போதாது. வழியில் நின்று சார்ஜ் போட வேண்டும், அதனால் அவர் 45 யூனிட் கேட்பார், விலை ஒன்றரை லட்சம் ஏறும். திருத்தணிக்காரருக்கு அது தாராளம். காலையில் கிளம்பி, திருப்பதியில் இறக்கிவிட்டு, மாலையில் வீட்டில் வந்து பிளக்கைச் சொருகலாம். சின்ன ஊர்க்காரருக்குப் பெரிய பேட்டரி தேவையில்லை. ஆனால் கார் கம்பெனிகள் சந்தை ஆய்வு செய்வது அண்ணா நகரிலும் கோரமங்களாவிலும். சோதனைக் கணக்கில் 400 கி.மீ. காட்டாவிட்டால் விற்காது என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டு, பேட்டரியைப் பெரிதாக்கி, விலையையும் பெரிதாக்குகிறார்கள். 25 யூனிட்டில் ஓர் அடிப்படை ரகம் விடத் துணிந்தால் ஹூண்டாய் பத்து லட்சத்துக்குள் வரும். துணியாவிட்டால் ‘ஆரம்ப விலை 9.99’ என்ற விளம்பரம் வரும், ஷோரூமில் கிடைக்கிற வண்டி பன்னிரண்டு சொச்சமாக இருக்கும்.

வாடகை வண்டிக்காரரின் கணக்கு இன்னும் கறாரானது. 140 கி.மீ. ஓட்டத்துக்கு, லிட்டருக்கு 18 கி.மீ. தரும் பெட்ரோல் காரில் எண்ணெய்ச் செலவு 780 ரூபாய் அளவில். மின்சாரக் காரில் 20 யூனிட். வீட்டு மின்சாரம் உயர் அடுக்கில் 12 ரூபாய் என்றே வைத்தாலும் 240. ஓட்டத்துக்கு 540 ரூபாய் மிச்சம். மாதம் இருபது ஓட்டம் போனால் பத்தாயிரத்துக்கு மேல். மூன்று லட்சம் கூடுதல் விலை இரண்டரை வருடத்தில் திரும்பிவிடும். வெளியே வேகச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்குப் போட்டால் மிச்சம் 380-ஆகக் குறையும். கேஸ் காரோடு ஒப்பிட்டாலோ 250, 260 ரூபாய்தான். மின்சாரக் காரின் நிஜமான எதிரி பெட்ரோல் அல்ல, டிக்கியில் படுத்திருக்கும் சிலிண்டர். அந்தச் சிலிண்டர் காரையும் விற்பது இதே ஹூண்டாய்தான் என்பதால் அவர்களுக்கு அவசரம் இல்லை.

‘பேட்டரியை வாடகைக்கு எடுங்கள், கார் மலிவாகிவிடும்’ என்று எம்ஜி கம்பெனி 2024 செப்டம்பரில் விண்ட்சர் காரை 9.99 லட்சத்துக்கு அறிவித்தது. பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். அந்தக் கணக்கைத் திருப்பதிச் சாலையில் போட்டுப் பாருங்கள். 140 கி.மீ.க்கு வாடகை 490, சார்ஜ் 240, ஆக 730 ரூபாய். பெட்ரோலுக்கும் இதற்கும் ஐம்பது ரூபாய் வித்தியாசம். குறைவாக ஓட்டுபவருக்கு அந்தத் திட்டம் சரி, வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டுபவருக்கு அல்ல. ஹூண்டாயும் இதே வழியில் ஒரு ‘மலிவு விலை’ அறிவித்தால், இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லை ஊருக்கென்று ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2018 அக்டோபரில் மத்திய அரசு மின்சார வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று அறிவித்தது. தினமும் நகரி வழியாக ஆந்திரத்துக்குள் போய்வரும் வண்டிக்கு இது சின்ன விஷயம் அல்ல. திருப்பதியில் மலைக்கு ஏறும் அரசு மின்சாரப் பேருந்துகள் 2022-லிருந்தே ஓடுகின்றன. மலைப்பாதையில் மின்சாரம் தாக்குப்பிடிக்குமா என்ற சந்தேகத்தை அவை தீர்த்துவிட்டன. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சார்ஜ் திரும்பவும் ஏறுகிறது.

இதற்கு நடுவே 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாற்றம் வந்தது. சின்ன பெட்ரோல் கார்களின் வரி, செஸ் உட்பட 29 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தது 18-ஆக இறங்கியது. மின்சாரக் காருக்கு முன்பும் 5, இப்போதும் 5. இடைவெளி சுருங்கிவிட்டது. மாருதி ஆல்டோ 3.70 லட்சத்துக்குக் கிடைக்கும் சந்தையில், பத்து லட்சத்தை ‘மலிவு’ என்று சொல்லவே கொஞ்சம் தைரியம் வேண்டும். மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்திலும் தனியார் காருக்கு மானியம் கிடையாது. ஆகவே அரசு கைகொடுத்து விலை இறங்கும் என்று காத்திருக்க முகாந்திரமில்லை. செல் இறங்கினால்தான் கார் இறங்கும்.

சரி, வாங்குவதா, காத்திருப்பதா? வீட்டுக்கு ஒரு கார், தினம் இருபது முப்பது கிலோமீட்டர், கிருத்திகைக்கு மலைக்கும் எப்போதாவது சென்னைக்கும் என்றால் 2027 வரை பொறுக்கலாம்; இருப்பதை ஓட்டிக்கொண்டிருப்பதில் நஷ்டமில்லை. தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, வீட்டு வாசலில் சார்ஜ் போட வசதியும் உள்ளவருக்கு இருங்காட்டுக்கோட்டைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பத்தாயிரம் நஷ்டம். இன்று சந்தையில் இருப்பதில் தேறுவதை எடுத்து டியூ கட்ட ஆரம்பிக்கலாம். ஒன்று மட்டும்: பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி என்பது பல கம்பெனிகளின் பொதுவான கணக்கு. மாதம் 3,500 கி.மீ. ஓடும் வண்டி அதை நாலே வருடத்துக்குள் முடித்துவிடும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அந்த வாரன்டியும் முழுதாகச் செல்லுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. கையெழுத்துப் போடும் முன், வாரன்டித் தாளில் ‘வணிகப் பயன்பாடு’ என்ற வரி எந்த மூலையில், எந்தச் சின்ன எழுத்தில் இருக்கிறது என்று சேல்ஸ்மேனையே தேடிக் காட்டச் சொல்லுங்கள்.